லேபல் போட்டும் இன்பொக்ஸ் ஏன் குறையவில்லை? உப்புவெளி விடுதிக்காரரின் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள உப்புவெளியில் ஆறு அறை கொண்ட விருந்தினர் விடுதியை அண்ணனோடு சேர்ந்து நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜீமெயிலில் முப்பதுக்கு மேல் லேபல் போட்டாயிற்று, இன்பொக்ஸ் குறையவே இல்லை. வரும் மெயிலை நாம் எழுதும் விதிப்படி தானாகப் பிரிக்கும் பில்டர் போட்டுப் பார்த்தால் மெயில் காணாமல் போகிறது. விருந்தினர் நிறைந்திருந்த ஓகஸ்ட் மாதத்தில், திகதி மாற்றக் கேட்டு ஒரு விருந்தினர் எழுதியது மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. திறக்காமல் கிடப்பவை பதினோராயிரம். "லேபல்களை எப்படி ஒழுங்காக அடுக்குவது?" என்று முடித்திருக்கிறார். ஆனால் அவர் சொன்ன குறைகளைச் சேர்த்துப் படித்தால், கேட்க வந்தது அடுக்கும் முறையை மட்டும் இல்லை என்று தெரிகிறது. பதில் எழுதவேண்டிய மெயில் ஒன்றும் தப்பிப் போகக்கூடாது என்பதுதான் கவலை. லேபல் பின்னொரு நாள் தேடி எடுப்பதற்கு. இன்பொக்ஸ் இன்று செய்யவேண்டிய வேலைக்கு. இந்த இரண்டையும் ஒரே வேலையாக எண்ணிச் செய்ததில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். திரையை ஆங்கிலத்தில் வைத்திருப்பீர்கள் என்று எண்ணி, பட்டன் பெயர்களை ஆங்கில ஒலியிலேயே எழுதுகிறேன்.

ஜீமெயில் 2004 ஏப்ரலில் வந்தபோதே கோப்புறை முறையை விட்டுவிட்டு லேபல் முறையை எடுத்துக்கொண்டது. அலுமாரியில் ஒரு கடிதம் ஒரு கோப்பில்தான் இருக்க முடியும். லேபல் அப்படி இல்லை; கடிதத்தின் மூலையில் ஒட்டும் சீட்டு. ஒரே மெயிலில் மூன்று சீட்டும் ஒட்டலாம். இன்பொக்ஸ் என்பதும் அப்படியொரு சீட்டுத்தான். நீங்கள் "மின்சாரம்" என்று ஒரு லேபல் ஒட்டினால், அந்த மெயிலில் இன்பொக்ஸ் சீட்டும் மின்சாரச் சீட்டும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் எத்தனை லேபல் போட்டாலும் இன்பொக்ஸ் இளைக்கவில்லை. இளைக்கவேண்டுமானால் ஆர்க்கைவ் செய்யவேண்டும். ஆர்க்கைவ் என்றால் இன்பொக்ஸ் சீட்டைக் கிழிப்பது. மெயில் எங்கும் போகாது, ஓல் மெயில் என்ற இடத்தில் அப்படியே இருக்கும், தேடினால் வரும். லேபல் பட்டனுக்குப் பதிலாக மூவ் டு பட்டனை அழுத்தினால், புதுச் சீட்டை ஒட்டுவதும் இன்பொக்ஸ் சீட்டைக் கிழிப்பதும் ஒரே அழுத்தில் முடிந்துவிடும். இதே காரணத்தால், ஒரு லேபலை அழித்தாலும் அதிலிருந்த மெயில்கள் அழிவதில்லை, சீட்டு மட்டும் போகும். முப்பது லேபலில் இருபதை அழிக்க இனிப் பயப்பட வேண்டாம்.

மெயில் காணாமல் போவதற்கு வருவோம். அழிக்கும் கட்டளையை நீங்கள் கொடுக்கவில்லை என்றால், பில்டர் மெயிலை அழிக்காது. நடப்பது வேறு. பில்டரில் ஸ்கிப் த இன்பொக்ஸ் என்ற பெட்டியில் சரி போட்டால், வந்த மெயில் இன்பொக்ஸைத் தொடாமல் நேரே லேபலுக்குப் போகும். போன் மணி அடிப்பதோ வழக்கமாக இன்பொக்ஸுக்கு வருவதற்கு மட்டும். ஆகவே மெயில் வந்தது, மணி அடிக்கவில்லை, நீங்கள் பார்க்கவில்லை. இரண்டாவது காரணம், இன்பொக்ஸின் தலைப்பில் இருக்கும் ப்ரைமரி, ப்ரொமோஷன்ஸ், சோஷல், அப்டேட்ஸ் என்ற தட்டுகள். முன்பதிவுத் தளங்கள் இயந்திரம் மூலம் அனுப்பும் மெயில்களை ஜீமெயில் பெரும்பாலும் அப்டேட்ஸ் தட்டில் போடும். அந்தத் தட்டுக்கு மணி அடிக்கும்படி போனில் அமைக்காமல் இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் வந்து கிடக்கும். மூன்றாவது காரணத்தை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. பொருள் வரி ஒன்றாக இருக்கும் மெயில்களை ஜீமெயில் ஒரே உரையாடலாகக் கட்டிவைக்கக்கூடும். "புதிய முன்பதிவு" என்ற ஒரே பொருளோடு ஒரே தளத்திலிருந்து அடுத்தடுத்து நாலு மெயில் வந்தால், நாலு விருந்தினரும் ஒரே வரிக்குள் அடங்கிவிடலாம். மேலே உள்ளதைத் திறந்து படித்துவிட்டு, அடியில் மடங்கிக் கிடப்பதைத் தவறவிடுவது மிக எளிது. ஓகஸ்டில் உங்களுக்கு நடந்தது இந்த மூன்றில் எது என்று இங்கிருந்து சொல்லிவிட முடியாது. அந்த மெயிலைத் தேடித் திறந்து, பொருள் வரியின் பக்கத்தில் எந்தெந்தச் சீட்டு இருக்கிறது என்று பாருங்கள். இன்பொக்ஸ் என்ற சீட்டு இல்லாமல் நீங்கள் வைத்த லேபல் மட்டும் இருந்தால் முதலாவது. இன்பொக்ஸ் சீட்டு இருந்து, மெயில் அப்டேட்ஸ் தட்டில் கிடந்தால் இரண்டாவது. ஒரே வரியில் பல பேரின் முன்பதிவு மடங்கியிருந்தால் மூன்றாவது.

மூன்றாவதுக்கு மருந்து எளிது. கணினியில் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் கொன்வர்சேஷன் வியூ என்பதை ஓஃப் செய்து, பக்கத்தின் அடியில் சேவ் சேஞ்சஸ் அழுத்துங்கள். போன் செயலியின் செட்டிங்ஸிலும் அதே பெயரில் ஒன்று உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெயிலும் தனி வரியாக வரும். நீண்ட கடிதப் போக்குவரத்து உள்ளவர்களுக்கு இது தொல்லை, ஆனால் முன்பதிவு வாங்குகிறவருக்கு இதுதான் பாதுகாப்பு.

இனி எதை பில்டரிடம் விடலாம், எதை விடக்கூடாது என்பது. வந்து விழும் மெயிலை மூன்று குவியலாகப் பார்க்கலாம். முதற் குவியல், பதில் தேவைப்படாதவை, ஆனால் பிறகு வேண்டியவை: மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், இணைய இணைப்புப் பட்டியல், வங்கி மாதக் கூற்று, இணையத்தில் கட்டிய பணத்துக்கான பற்றுச்சீட்டு. இரண்டாவது, யாருக்கும் வேண்டாதவை: விளம்பரம், செய்திமடல், எப்போதோ பதிவு செய்த தளங்களின் வாழ்த்து. மூன்றாவது, பதில் எதிர்பார்ப்பவை: முன்பதிவு, திகதி மாற்றம், "குடும்பத்தோடு வருகிறோம், ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்குமா", "புறாத்தீவுக்குப் படகு நீங்களே பிடித்துத் தருவீர்களா" போன்ற கேள்விகள். முதற் குவியலை பில்டர் முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை வராமலே நிறுத்தலாம். மூன்றாவதை பில்டர் தொடலாம், லேபல் ஒட்டலாம், நிறம் பூசலாம், ஆனால் இன்பொக்ஸிலிருந்து எடுக்கவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதில் பிழை விட்டாலும் பெரிய நட்டம் வராது. நேரே எழுதும் விருந்தினர் எந்த முகவரியிலிருந்தும் எழுதுவார், ஆங்கிலத்திலும் எழுதுவார், சிங்களத்திலும் எழுதுவார், ஜெர்மனிலும் எழுதுவார். அவரைப் பிடிக்க எந்த விதியும் எழுத முடியாது. அதற்காகவே, விதி எழுதக்கூடியதையெல்லாம் ஒதுக்கி, இன்பொக்ஸில் இடம் விடுகிறோம்.

லேபல் எத்தனை வேண்டும்? ஆறு அறை விடுதிக்கு ஏழெட்டுப் போதும். "முன்பதிவு", "முற்பணம் வரவேண்டும்", "பட்டியல்கள்", "வங்கி", "வரி 2025/26", "பதிவும் அனுமதியும்", "ஆட்களும் சம்பளமும்". சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையோடும் பிரதேச சபையோடும் வரும் கடிதங்களுக்குத் தனித்தனி லேபல் வேண்டியதில்லை. "பதிவும் அனுமதியும்" போதும், உள்ளே தேடினால் கிடைக்கும். அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு லேபல் போடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. அனுப்பியவர் பெயரைத் தேடல் பெட்டியில் எழுதினாலே வந்துவிடும். அதற்கு லேபல் வீண். பெயரைத் தமிழில் வைக்கலாம், தடையில்லை. இடப்பக்கப் பட்டியல் எழுத்து வரிசையில்தான் நிற்கும், இழுத்து மாற்ற முடியாது. ஆகவே மேலே நிற்கவேண்டியதற்கு முன்னால் 1, 2 என்று எண் போடுங்கள்: "1 முன்பதிவு", "2 முற்பணம் வரவேண்டும்". லேபலின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் நிறம் கொடுக்கலாம், ஷோ இஃப் அன்ரெட் என்று வைத்தால் புது மெயில் இருக்கும்போது மட்டும் பட்டியலில் தெரியும். "பட்டியல்கள்", "வங்கி" இரண்டுக்கும் அது பொருத்தம். நெஸ்ட் லேபல் அண்டர் என்பதால் லேபலுக்குள் லேபல் வைக்கலாம். வரிக்கு ஆண்டுவாரியாக வைப்பதைத் தவிர வேறெதற்கும் உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பில்டர் செய்யும் முறை. போனில் உள்ள ஜீமெயில் செயலியில் பில்டர் உருவாக்க முடியாது. கணினியில் பிரவுசரில்தான் செய்யவேண்டும். சொந்தக் கணினி இல்லையென்றால் நம்பிக்கையானவர் வீட்டில் ஒரு மணி நேரம் போதும். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஒருமுறை செய்த பில்டர் கூகிளின் பக்கத்திலேயே வேலை செய்யும், போன் அணைந்திருந்தாலும் இயங்கும். மின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அந்த மெயில் ஒன்றைத் திறந்து, அனுப்பிய முகவரியை அப்படியே நகல் எடுங்கள். முகவரி என்றுதான் சொல்கிறேன், பெயரை எடுக்க வேண்டாம். பெயரை யாரும் எப்படியும் போடலாம். மேலே தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். ஃப்ரம் என்ற வரியில் முகவரியை ஒட்டுங்கள். உடனே கிரியேட் பில்டரை அழுத்த வேண்டாம். முதலில் சேர்ச் அழுத்துங்கள். இந்த விதி பிடிக்கப்போகும் மெயில்கள் எவை என்று பழைய மெயில்களிலேயே காட்டும். இரண்டு பக்கம் வரை பார்வையிடுங்கள். வேண்டாதது ஒன்றாவது அகப்பட்டிருந்தால் விதி தளர்வாக இருக்கிறது. சப்ஜெக்ட் வரியில் ஒரு சொல் சேர்த்து இறுக்குங்கள். சரியாக வந்தபின் படிவத்தை மீண்டும் திறந்து கிரியேட் பில்டர். அடுத்த திரையில் ஸ்கிப் த இன்பொக்ஸ், அப்ளை த லேபல் இரண்டிலும் சரி போட்டு, லேபலாக "பட்டியல்கள்" தெரிவு செய்யுங்கள். கடைசியில் உள்ள ஓல்சோ அப்ளை பில்டர் என்ற பெட்டியில் சரி போட்டால், ஏற்கனவே வந்து கிடப்பவையும் ஒரே நேரத்தில் ஒதுங்கிவிடும். மார்க் அஸ் ரெட் என்பதில் சரி போடாதீர்கள். படித்ததாகக் குறித்துவிட்டால் புதுப் பட்டியல் வந்தது லேபலில் தடித்த எழுத்தாகத் தெரியாது, கட்டவேண்டிய நாள் கடந்துவிடும்.

முன்பதிவுத் தளத்துக்கு இதே படிவம், ஆனால் வேறு தெரிவுகள். ஃப்ரம் வரியில் முழு முகவரிக்குப் பதிலாக அந்தத் தளத்தின் பெயரை, அதாவது அட் குறிக்குப் பின்னால் வரும் பகுதியைக் கொடுங்கள். ஏனென்றால் உறுதிப்படுத்தல் ஒரு முகவரியிலிருந்தும், விருந்தினரின் செய்தி ஒவ்வொருவருக்கும் தளம் உண்டாக்கித்தரும் வேறொரு முகவரியிலிருந்தும் வரலாம். தளத்தின் பெயருக்கு முன்னால் இன்னொரு சொல்லும் புள்ளியும் வரும் முகவரிகளும் உண்டு. சேர்ச் அழுத்திப் பார்க்கும்போது அவையும் அகப்படுகின்றனவா என்று உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் அதையும் சேருங்கள். இரண்டு முகவரிக்கு இடையில் ஓஆர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடவேண்டும். சிறிய எழுத்தில் இட்டால் அதையும் தேடவேண்டிய சொல்லாக எடுத்துக்கொள்ளும். அடுத்த திரையில் அப்ளை த லேபல் "1 முன்பதிவு", கேட்டகரைஸ் அஸ் ப்ரைமரி, இந்த இரண்டு மட்டும். ஸ்கிப் த இன்பொக்ஸைத் தொடவேண்டாம். ப்ரைமரி என்று குறித்துவிட்டால் அப்டேட்ஸ் தட்டில் ஒளியும் பிரச்சினை தீர்ந்தது. அன்ரொயிட் போனில் இன்னொரு படியும் செய்யலாம். ஜீமெயில் செயலியில் செட்டிங்ஸ், உங்கள் கணக்கு, மனேஜ் லேபல்ஸ், "1 முன்பதிவு" என்று போங்கள். முதலில் சிங்க் மெசேஜஸ் என்பதில் கடைசி 30 நாள் என்று வையுங்கள். அதை வைக்காமல் மணியை இயக்க விடாது. பிறகு அந்த லேபலுக்குத் தனி ஒலி கொடுக்கலாம். சமையலறையில் நிற்கும்போதும் இது முன்பதிவு, இது விளம்பரம் என்று காதால் பிரிக்கலாம்.

இரண்டாவது குவியலான விளம்பரங்களுக்கு பில்டர் எழுதிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. நீங்களே எப்போதோ பதிவு செய்த நிறுவனம் என்றால் அன்சப்ஸ்கிரைப்; ஜீமெயிலின் இடப்பக்கப் பட்டியலில் மனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற பக்கம் 2025 இல் வந்திருக்கிறது, அடிக்கடி அனுப்புகிறவர்களை மேலே வைத்துக் காட்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பியது என்றால் அன்சப்ஸ்கிரைப் இணைப்பைத் தொடாமல் ஸ்பாம் என்று குறியுங்கள்.

பில்டர் எங்கே பிசகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிசகினால் அது சொல்லிக்கொண்டு பிசகாது. ஹேஸ் த வேர்ட்ஸ் என்ற வரியில் ஒற்றைச் சொல் கொடுத்து எழுதும் விதிதான் அதிகம் கெடுக்கும். "புக்கிங்" என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் முன்பதிவும் வரும், விமானச் சீட்டு விளம்பரமும் வரும், விடுதிகளுக்கு மென்பொருள் விற்கிறவரின் மெயிலும் வரும். சொல்லை விட முகவரி நம்பத் தகுந்தது. தமிழில் இது இன்னும் சிக்கல். ஜீமெயில் முழுச் சொல்லாகத்தான் பொருத்திப் பார்க்கும், சொல்லின் ஒரு துண்டைப் பார்க்காது. நமக்கோ வேற்றுமை சேர்ந்தால் சொல்லே உருமாறிவிடும். "கட்டணம்" என்று விதி எழுதினால் "கட்டணத்தை", "கட்டணமாக" என்று எழுதி வந்த மெயில் அகப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதற்கு மேல், நமது அலுவலகங்களில் இன்றும் சிலர் பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே மெயிலில் ஒட்டி அனுப்புகிறார்கள். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். எழுத்துரு தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். போனிலும் இணையத்திலும் இன்று வழக்கமான யூனிகோட் தமிழில் எழுதிய விதி அதைக் கண்டுபிடிக்காது. அப்படிப்பட்ட அலுவலகத்துக்கு முகவரியை வைத்து மட்டும் விதி எழுதுங்கள். அடைப்புக்குறி, நாணயக்குறி, நட்சத்திரக்குறி போன்றவற்றையும் தேடல் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அவற்றை நம்பி விதி எழுதிப் பயனில்லை.

இரண்டு பில்டர் ஒரே மெயிலைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று பலர் யோசிப்பதில்லை. ஜீமெயிலில் முதல் விதி பொருந்தியதும் நிறுத்தும் ஏற்பாடு இல்லை. பொருந்தும் விதிகள் எல்லாம் செயற்படும். முன்பதிவுத் தளத்துக்கு ஒரு விதி இன்பொக்ஸில் வைக்கச் சொல்லி, பற்றுச்சீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு விதி ஸ்கிப் செய்யச் சொன்னால், அந்தச் சொல் உள்ள முன்பதிவு இன்பொக்ஸுக்கு வராது. உங்களிடம் ஏற்கனவே உள்ள பில்டர்களை முதலில் செட்டிங்ஸில் பில்டர்ஸ் அண்ட் ப்ளொக்ட் அட்ரஸஸ் பக்கத்தில் வரிசையாகப் படியுங்கள். மெயில் காணாமல் போகச் செய்தது பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். சந்தேகமான விதியை அழித்துவிடுங்கள். ஒட்டிய லேபல்கள் அப்படியே இருக்கும், இழப்பு ஒன்றும் இல்லை. இன்னொன்று, நீங்கள் அனுப்பியதற்கு வேறொருவர் தன் சொந்த முகவரியிலிருந்து பதில் எழுதினால், அந்தப் பதில் விதியோடு தானாகப் பொருந்தினால்தான் பில்டர் அதைத் தொடும். ஒரு கடிதத்துக்கு லேபல் ஒட்டினால் தொடர்ந்து வருவதற்கெல்லாம் ஒட்டும் என்று எண்ணவேண்டாம்.

பதினோராயிரம் பழைய மெயில். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துப்புரவாக்க நினைத்தால் நாலாம் நாள் கைவிடுவீர்கள். மொத்தமாக ஆர்க்கைவ் செய்யுங்கள், அழிக்கவேண்டாம். எந்தத் திகதிக்கு முன்னுள்ளதை என்பதுதான் யோசிக்கவேண்டியது. சாதாரண அலுவலகத்துக்கு மூன்று மாதம் என்பேன். ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் கடல் அமைதி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பல மாதம் முன்பே திகதி குறித்துவிடுவார். அதனால் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தியதை மட்டும் ஒதுக்குவது நல்லது. தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இன் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் இன்பொக்ஸ் என்று எழுதுங்கள். பிறகு ஒரு இடைவெளி விட்டு, பிஃபோர், முக்காற்புள்ளி, திகதி. திகதியை 2024/11/01 என்பது போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதவேண்டும். முடிவுகள் வந்ததும் மேலே உள்ள சதுரத்தில் சரி போட்டால் அந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டும், வழக்கமாக 50, தெரிவாகும். அதற்கு மேல் ஒரு வரி தோன்றும், தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தெரிவு செய் என்று. அதை அழுத்தினால்தான் முழுவதும் சேரும். பிறகு ஆர்க்கைவ். தொகை பெரிது என்றால் சில நிமிடம் எடுக்கலாம், பக்கத்தை மூடாமல் விடுங்கள். எஞ்சிய பன்னிரண்டு மாதத்தை பில்டர்களின் ஓல்சோ அப்ளை குறைத்துவிடும். வாடைக் காற்று தொடங்கி விடுதியில் ஆள் குறையும் நவம்பர், டிசம்பர் இந்த வேலைக்கு வாய்ப்பான காலம். ஓகஸ்டில் தொடங்கினால் அரைகுறையில் நிற்கும்.

அண்ணனும் நீங்களும் ஒரே பாஸ்வேர்டில் ஒரே கணக்கைப் பார்ப்பதாகக் கேள்வியில் இருக்கிறது. தவறிய மெயிலுக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கக்கூடும். ஒருவர் திறந்தால் மற்றவருக்கும் அது படித்ததாகிவிடும். அண்ணன் பார்த்திருப்பார் என்று தங்கை, தங்கை எழுதியிருப்பாள் என்று அண்ணன். படித்தது, படிக்காதது என்ற குறியை வேலை முடிந்ததற்கு அடையாளமாக வைக்காதீர்கள். பதில் எழுதி முடித்தவர்தான் ஆர்க்கைவ் செய்யவேண்டும் என்று இருவரும் உடன்பட்டால், இன்பொக்ஸில் இருப்பதெல்லாம் முடியாத வேலை என்பது இருவருக்கும் தெரியும். முற்பணத்துக்காகக் காத்திருக்கும் முன்பதிவுக்கு "2 முற்பணம் வரவேண்டும்" ஒட்டி, ஸ்னூஸ் பட்டனில் கெடு முடியும் நாளைக் கொடுங்கள். அதுவரை மறைந்து, அன்று காலை இன்பொக்ஸின் மேலே வந்து நிற்கும். பாஸ்வேர்டைப் பகிராமல் இருக்க விரும்பினால், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட் பக்கத்தில் க்ரான்ட் அக்ஸஸ் டு யுவர் அக்கவுண்ட் என்பதன் மூலம் அண்ணனுக்கு அவருடைய கணக்கிலிருந்தே பார்க்கவும் பதில் எழுதவும் உரிமை கொடுக்கலாம். கணினியில் வேலை செய்கிறவருக்குத்தான் இது வசதி.

பில்டர் செய்யாத ஒன்றையும் சொல்லவேண்டும். அது மெயில் வந்து சேரும் கணத்தில் மட்டும் செயற்படும். "மூன்று மாதம் கழிந்ததும் அழி" என்று அதற்குக் கட்டளையிட முடியாது. விருந்தினரின் கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்கள் உங்கள் பெட்டியில் குவிந்திருக்கும். அவற்றுக்குத் தனி லேபல் ஒட்டி, மாதம் ஒருநாள் கையாலேயே அழியுங்கள். மற்றவரின் கடவுச்சீட்டைத் தேவை முடிந்தபின்னும் வைத்திருப்பது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் பொறுப்பு. ட்ராஷில் போட்டது 30 நாளில் தானாக மறையும். இடமும் மிஞ்சும்: இலவசக் கணக்கின் 15 ஜீபி மெயிலுக்கும் ட்ரைவுக்கும் போட்டோஸுக்கும் பொதுவானது. அது நிரம்பி அப்படியே விட்டால் உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், முன்பதிவு உட்பட. லார்ஜர் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, 10எம் என்று ஆங்கிலத்தில் தட்டினால் 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரும். இடத்தை விழுங்குவது அவைதான், முதலில் அவற்றைப் பாருங்கள்.

கணக்கு எழுதுகிறவருக்குப் பற்றுச்சீட்டுகள் தானாகப் போகவேண்டும் என்றால் ஃபோர்வர்ட் இட் உண்டு. முதலில் செட்டிங்ஸில் அவருடைய முகவரியைச் சேர்த்து, அவருக்கு வரும் உறுதிப்படுத்தல் குறியீட்டை வாங்கிப் போடவேண்டும். பழைய மெயில்கள் இதில் போகாது, இனி வருபவை மட்டும். வருமான வரிக்கான மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது, விவரத்திரட்டு நவம்பர் 30 க்குள். ஆகவே வரி லேபலை ஜனவரியிலிருந்து கணக்கிடாமல் ஏப்ரலில் புதிதாகத் திறந்து, அந்த பில்டரையும் புது லேபலுக்கு மாற்றிவிடுங்கள். மாற்ற மறந்தால் இரண்டு ஆண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விடயம், இரண்டும் முக்கியம். நெவர் செண்ட் இட் டு ஸ்பாம் என்ற பெட்டியை முன்பதிவுத் தளத்தின் பெயர் முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள். அந்தத் தளம் அனுப்பியது போலவே தோற்றம் கொடுத்து, "விருந்தினர் முறைப்பாடு செய்திருக்கிறார், இங்கே அழுத்துங்கள்" என்று விடுதிக்காரரைக் குறிவைக்கும் மோசடி மெயில்கள் உண்டு. ஸ்பாம் தடுப்பு உங்களுக்காகச் செய்யும் காவலை நீங்களே கழற்றுவதாகும். அதற்குப் பதிலாகத் தினம் ஒருமுறை ஸ்பாமைத் திறந்து பாருங்கள். அங்கேயும் 30 நாள்தான் இருக்கும். மற்றது, யாராவது உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டால் ஒரு பில்டரை வைத்துவிட்டுப் போவது வழக்கம். பணம், வங்கி போன்ற சொல் உள்ள மெயில்களை ஒளிக்கவோ வெளியே அனுப்பவோ அது போதும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த பில்டர் தொடர்ந்து வேலை செய்யும். நீங்கள் எழுதாத விதி ஒன்று பட்டியலில் கண்டால், அதை அழித்து, ஃபோர்வர்டிங் பக்கத்தையும் பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு படி உறுதிப்படுத்தலை இயக்குங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டு மெயில்களையும் எந்த பில்டரும் இன்பொக்ஸிலிருந்து எடுக்கக்கூடாது. கூற்றும் குறியீடும் ஒரே முகவரியிலிருந்து வந்தால் சப்ஜெக்ட் சொல்லால் பிரித்து எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போடவேண்டாம். முதல் நாள் பழைய பில்டர்களைப் படித்து அழித்து, முன்பதிவுத் தளத்துக்கான ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டாம் நாள் மின் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல். பிறகு ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். அந்த வாரம் நாள்தோறும் இரவு ஓல் மெயிலைத் திறந்து அன்று வந்தவற்றை மேலோட்டமாகப் பாருங்கள். இன்பொக்ஸில் வந்திருக்கவேண்டியது எதுவும் லேபலுக்குள் ஒளிந்திருந்தால் அங்கே தெரியும், எந்த விதி அதைப் பிடித்தது என்பதும் ஒட்டிய சீட்டைப் பார்த்தாலே விளங்கும். ஒரு வாரம் பிசகில்லாமல் போனபின் வங்கிக்கும் மற்றவற்றுக்கும் எழுதுங்கள். எல்லாம் நிலைத்ததும் பில்டர்ஸ் பக்கத்தின் அடியில் எக்ஸ்போர்ட் அழுத்தி, வரும் சிறு கோப்பை ஒரு பென்ட்ரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கென்று புதுக் கணக்குத் தொடங்கினால் அதை இம்போர்ட் செய்து, வந்த விதிகளைச் சரிபார்த்துக் கிரியேட் பில்டர்ஸ் அழுத்தினால் போதும், எல்லாவற்றையும் திரும்ப எழுதவேண்டியிராது.